மௌன விஞ்ஞானி டிராக்

1984 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். அந்நாளில் நான் கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். முந்திய ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் வகுப்பறையின் வாங்குகள் பல வெறுமையாகவே கிடந்தன. எஞ்சியிருந்தவர்களும் எந்த நாளில் எந்த நாட்டுக்குப் புறப்படுவார்களோ என்ற நிலையிலேயே புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரு நாட்காலை வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்பொழுது, பேராசிரியர் போல் டிராக் அம்மாதம் 20 ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே காலமானார் என்ற செய்தியைப் படித்தேன். அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவரைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தேன்.

நம்மைச் சூழ்ந்துள்ள பொருளனைத்தும் ஆக்கப்பட்ட நுண்டுணிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், நிறை ஒத்ததாய், மின்னேற்றம் மாறுபட்டதாய், எதிர்த்துணிக்கை ஒன்று உண்டு என்பதையும், இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஒளியாய்ப் போகும் என்பதையும், இவ்வுண்மையை டிராக் எந்தக் கருவியையும் தொடாமல் தாளிலே கண்டார் என்பதையும் உற்சாகத்தோடு விளக்கினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். எதிர்ப்பொருளால் ஆன மாம்பழம் ஒன்றைக் கைவிட்டால் அது கீழே விழுமா, மேலே போகுமா என்று கேட்டான். கீழேதான் விழும் என்றேன். யாராவது விட்டுப் பார்த்தார்களா என்று அடுத்து வினவினான். இத்தகைய ஐயங்கள் பரீட்சைக்கு உதவா என்று கூறி அவனை இருக்கச் செய்தேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

நான் சொன்ன விடை பிழையானதன்று. ஆயினும் அதை நான் அறிந்து சொல்லவில்லை. அன்றைய நாளில் உலகில் எவருமே அதனை விட்டுப் பார்த்திருக்கவில்லை. அந்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் 27 ஆம் திகதி. முப்பத்தொன்பது ஆண்டுகள் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த அவ்வினாவின் பொருட்டே, இந்த வினாவுக்கு வித்திட்ட அறிஞரின் வாழ்வை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதத் துணிந்தேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1902 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி டிராக் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர், பிரெஞ்சு மொழி ஆசிரியர், கண்டிப்புக்குப் பேர்போனவர். தாயார் புளோரன்ஸ் ஆங்கிலப் பெண்மணி. அவ்வீட்டின் உணவு மேசையில் ஒரு சட்டம் இருந்ததாம். தந்தையோடு இருந்து உண்பவன் பிரெஞ்சிலேயே பேசவேண்டும், அதுவும் பிழையின்றிப் பேசவேண்டும். இளைய மகன் போல் தந்தையோடு இருந்து உண்டான். தாயும் மற்றப் பிள்ளைகளும் சமையலறையில் உண்டார்கள். பிழையின்றிப் பேச இயலாத சிறுவன் பேசாமலிருப்பதே மேலெனக் கண்டுகொண்டான். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் நண்பர்கள், மணித்தியாலத்துக்கு ஒரு சொல் என்பதைப் பேச்சின் மிகச் சிறிய அலகாக்கி அதற்கு டிராக் என்றே பெயர் சூட்டி நகையாடினர். நாமும் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சமையலறைக் கதவை நினைக்கும்போது ஓர் ஆசிரியனாகிய எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

தந்தையின் விருப்பப்படி மூத்த மகன் பீலிக்ஸும் இளையவன் போலும் பொறியியல் கற்றார்கள். பீலிக்ஸ் விரும்பியது வைத்தியம். 1925 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பெற்றோர் கதறிய கதறலைக் கண்டபோதுதான், பெற்றோர் பிள்ளைகள்மீது இத்துணை அன்பு கொண்டிருப்பர் என்பதே தமக்குத் தெரியவந்ததென டிராக் பல ஆண்டுகள் கழிந்தபின் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. நானும் மேலே செல்லவில்லை.

1921 இல் முதல் வகுப்பில் பொறியியற் பட்டம் பெற்றும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. யுத்தத்தின் பின்வந்த பொருளாதார மந்தம் அப்படியிருந்தது. கேம்பிரிட்ஜ் சென்று படிக்கக் கிடைத்த உதவிப் பணமும் போதவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கட்டணமின்றிக் கணிதம் கற்க இடமளித்தது. இரண்டு ஆண்டுகளில் அதையும் முதல் வகுப்பில் முடித்து, 1923 இல் கேம்பிரிட்ஜின் புனித யோவான் கல்லூரியிற் சேர்ந்தார். வேலை கிடைத்திருந்தால் இங்கிலாந்துக்கு ஒரு பொறியியலாளர் கிடைத்திருப்பார், அவ்வளவே.

1925 ஆம் ஆண்டில் ஹைசன்பேர்க்கின் புதிய அணுக் கொள்கை டிராக்கின் கைக்கு வந்தது. அதில் ஒரு புதுமை: இரண்டு கணியங்களைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறியது. ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வழக்கம்போல் நாட்டுப்புறத்தில் தனியே உலாவிக்கொண்டிருந்தபோது, பழைய இயக்கவியல் நூல்களிற் படித்த புவாசோன் அடைப்புக்குறி என்னும் கணித அமைப்பு இதனோடு ஒத்திருப்பதாக அவருக்குப் பொறிதட்டியது. ஆனால் அதன் இலக்கணம் சரியாக நினைவில் இல்லை. அறைக்கு ஓடினார், தம்மிடமிருந்த நூல்களில் அது இல்லை. ஞாயிறாகையால் நூலகம் பூட்டியிருந்தது. அந்த இரவு முழுவதும் அவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். மறுநாட்காலை நூலகம் திறந்தபோது, தாம் நினைத்தது சரியே எனக் கண்டார். அக்காலத்தில் அவர் இன்னும் கலாநிதிப் பட்டம் பெறாத மாணவர்.

அவருடைய புகழுக்கெல்லாம் மூலமான சமன்பாடு 1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக்கும் புதிய அணுக் கொள்கைக்கும் ஒருங்கே பொருந்தும்படி இலத்திரனின் இயக்கத்தை அது விவரித்தது. இலத்திரனுக்கு உள்ள தற்சுழற்சியை எவரும் வெளியிலிருந்து சேர்க்காமலே அது தந்தது. கூடவே ஒரு தொல்லையையும் தந்தது. விடைகளில் ஒரு பாதி மறைச் சக்தியுடையனவாய் வந்தன. நம் வகுப்புகளில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறோம். தந்தையின் வயது நாற்பது என்று ஒரு விடையும், சய ஐந்து என்று மற்றொரு விடையும் வருகின்றன. வயது சயமாக இராதென்று இரண்டாவதை வெட்டிவிடுகிறோம். நானும் பல்லாண்டு காலம் வெட்டச் சொல்லிக் கொடுத்தவனே. டிராக் வெட்டவில்லை. புதிய கொள்கையில் இலத்திரன் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குத் தாவக்கூடுமாகையால் வெட்டுவதற்கு வழியுமில்லை.

1930 இல் அவர் ஒரு விளக்கம் கூறினார். மறைச் சக்தி நிலைகள் யாவும் இலத்திரன்களால் ஏற்கெனவே நிரம்பியுள்ளன. அந்நிறைவில் ஓரிடம் வெறுமையானால், அந்தத் துளை நேர் மின்னேற்றமுள்ள துணிக்கைபோல் தோன்றும். அக்காலம் அறியப்பட்டிருந்த நேர்மின் துணிக்கை புரோத்தன் ஒன்றே. ஆகவே துளை என்பது புரோத்தனாயிருக்கலாம் என்றார். புரோத்தனோ இலத்திரனைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு நிறையுடையது. துளையின் நிறை இலத்திரனின் நிறையாகவே இருக்கவேண்டும் என்று வெய்ல், ஒப்பன்ஹைமர் முதலியோர் காட்டினர். 1931 இல்தான் டிராக், இதுவரை எவரும் காணாத எதிர் இலத்திரன் ஒன்று இருக்கவேண்டுமெனத் தெளிவாய் எழுதினார். கணிதத்தின் அழகை இவ்வளவு நம்பியவர் ஏன் அந்த ஓராண்டுக்கு மேல் தயங்கினார்? தமக்குத் துணிவு போதவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கு அவருடைய கண்டுபிடிப்பைவிட இவ்வொப்புதலே அவரை அணுக்கமாக்குகின்றது.

அதற்குச் சான்று வேறொரு கண்டத்திலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த கார்ள் அண்டர்சன் 1932 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் திகதி எடுத்த படமொன்றில், இலத்திரனை ஒத்ததாயினும் காந்தப்புலத்தில் எதிர்ப்புறம் வளைந்த தடம் ஒன்று பதிந்திருந்தது. டிராக்கின் கூற்றைச் சோதிக்க அவர் புறப்படவில்லை, தற்செயலாகவே அகப்பட்டது. அதற்குப் பொசித்திரன் என்று பெயராயிற்று. இன்று பெரிய வைத்தியசாலைகளில் புற்றுநோயைத் தேடும் கருவி ஒன்று இதனைக்கொண்டே இயங்குகிறது. அவ்வளவு தொலைவும் போகவேண்டாம். நம் வீட்டுக் கதலிக் குலையில் உள்ள பொற்றாசியத்திலிருந்து, பழமொன்றுக்கு ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒன்றாகப் பொசித்திரன் பிறந்து பிறந்து மறைந்துகொண்டிருக்கிறது.

1932 இல், தம் முப்பதாவது வயதில், ஒரு காலத்தில் நியூட்டன் அமர்ந்திருந்த லூக்காசியன் கணிதப் பேராசிரியர் ஆசனத்தை டிராக் பெற்றார். 1933 இல் சுரோடிங்கருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புகழுக்கு அஞ்சி அதை மறுக்க நினைத்தவரை, மறுத்தால் இன்னும் பெரிய புகழ் வந்து சேரும் என்று சொல்லி ஏற்கச் செய்தவர் ரதபோர்ட். பெற்றோரை அழைத்துச் செல்ல இடமிருந்தும் தாயாரை மட்டுமே ஸ்டொக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார். அங்கு ஆற்றிய உரையில், முழுவதும் எதிர்ப்பொருளாலான நட்சத்திரங்களும் இருக்கக்கூடும், அவற்றின் ஒளியைக்கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலாது என்றார். அந்த நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்க்குமா, அவற்றின் மண்ணில் பழம் விழுமா என்பனபற்றி அவ்வுரையில் அவர் பேசவில்லை.

கொழும்புத் தமிழர்க்கு டிராக் அந்நியப் பெயரன்று. நம்மவர் இருவர் அவருடைய நிழலில் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று 1930 இல் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்குச் சில காலம் வழிகாட்டியாயிருந்து, கோப்பன்ஹேகனுக்குப் போய் ஓராண்டு தங்குமாறு ஆலோசனை கூறியவர் டிராக். மற்றவர் நம் வடபுலத்தைச் சேர்ந்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். கொழும்பிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று டிராக்கின்கீழ் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். திரும்பி வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கினார். பின்னர் மலாயாவிலும் மெல்பேர்ணிலும் கற்பித்து, 2001 இல் மறைந்தார். எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் அவருடைய விரிவுரைகளில் இருந்து கேட்டவர். ஆகவே டிராக்கின் பெயரை நான் முதன்முதல் கேட்டது, நூலிலன்று, குருபரம்பரைக் கதையைக் கேட்பதுபோலவே.

எலியேசர் எடுத்துக்கொண்ட வினாவை இங்கே குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அதுவும் விழுதலைப் பற்றியதே. ஒளியை வீசியபடி இயங்கும் இலத்திரனுக்கு டிராக் 1938 இல் பழைய முறையிலான சமன்பாடு ஒன்றை அமைத்திருந்தார். புரோத்தனை நோக்கி நேர்க்கோட்டில் இலத்திரன் ஒன்றை விட்டால் அச்சமன்பாட்டின்படி என்ன நிகழும்? இழுக்கப்படுவதால் போய் மோதும் என்றே எவரும் சொல்வர். 1943 இல் எலியேசர் கணித்துப் பார்த்தார். மோதவில்லை, கிட்டப் போய், நின்று, திரும்பி ஓடிவிடுகிறது. இயற்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே குருவின் சமன்பாட்டிலே எங்கோ குறை உண்டு என்பதை மாணாக்கர் வெளிப்படுத்தினார் எனலாம். விழும் என்று எல்லாரும் சொன்னதைக் கணித்துப் பார்த்த அந்தத் தமிழ் மாணவரைப் பற்றிப் பெருமையோடு பேசிவந்த நான், கொட்டாஞ்சேனை மாணவனை இருக்கச் சொன்னேன்.

1937 இல் டிராக், விக்னர் என்னும் விஞ்ஞானியின் சகோதரி மார்கிட்டை மணந்தார். அந்த ஆண்டிலேதான் ஈர்ப்பைப் பற்றியும் எழுதினார். ஐதரசன் அணுவில் இலத்திரனையும் புரோத்தனையும் பிணைக்கும் மின்விசை, அவற்றிடையே உள்ள ஈர்ப்பு விசையினும் ஏறத்தாழ 1 க்குப் பின் 39 பூச்சியங்கள் இட்ட மடங்கு பெரியது. பிரபஞ்சத்தின் வயதை அணுவின் காலவலகால் அளந்தாலும் இதையொத்த பெரும் எண்ணே வருகிறது. இவ்வொற்றுமை தற்செயலாகாது என்று எண்ணிய டிராக், உலகம் முதிர முதிர ஈர்ப்பின் வலிமை தேய்ந்து வருகிறது என்றார். பின்னாளைய நுண்ணிய அளவீடுகள் அத்தகைய தேய்வைக் காட்டவில்லை. அழகை நம்பி ஒருமுறை வென்றவர், அதையே நம்பி மறுமுறை தவறினார். ஆயினும் அவர் சுட்டிய அந்தப் பேரெண்ணே, எதிர்ப்பொருள் விழுமா என்று பார்ப்பது ஏன் இத்துணை கடினமாயிற்று என்பதற்கு விடையாயிருக்கிறது.

ஒரு மீற்றருக்கு ஒரு வோல்ற்றின் பத்தாயிரம் கோடியில் ஆறு பங்கு அளவான மின்புலம் இருந்தாலே, இலத்திரனின் நிறையைத் தாங்கி அதை அந்தரத்தில் நிறுத்திவிடும். பொசித்திரனுக்கும் அதே கணக்கு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் விற்றபோர்ணும் பெயார்பாங்கும் செப்புக் குழாய் ஒன்றினுள் இலத்திரன்களை விட்டு அவை விழுகின்றனவா என்று பார்த்தார்கள். குழாயின் உலோகத்தினுள் உள்ள இலத்திரன்களே ஈர்ப்பால் சிறிது கீழே தொய்ந்து உண்டாக்கும் மின்புலம், விழும் இலத்திரனின் நிறையை ஈடுசெய்துவிட்டதென்று 1967 இல் அறிவித்தார்கள். பொசித்திரனையும் அவ்வாறு விட்டுப் பார்க்க அவர்கள் கொண்டிருந்த எண்ணம் நிறைவேறவில்லை. ஆகவே மின்னேற்றமே இல்லாத முழு எதிரணு வேண்டும் என்றாயிற்று.

கொள்கை வல்லோர் கீழேதான் விழும் என்றார்கள். பிலிப் மொரிசன் 1958 இல் காட்டிய நியாயம் எளியது. எதிர்ப்பொருள் மேலே போகுமாயின், பொருளும் எதிர்ப்பொருளும் சேர்ந்த ஒரு சோடியைச் செலவின்றி உயரத்துக்கு ஏற்றலாம். அங்கே அழித்து ஒளியாக்கி, அவ்வொளியைக் கீழே அனுப்பினால் அது வரும்வழியில் சக்தி பெறும். அதைக்கொண்டு மீண்டும் சோடியை ஆக்கினால் சக்தி மிச்சப்படும். ஒன்றுமில்லாததிலிருந்து சக்தியைக் கறக்கும் பசு இது. கொட்டாஞ்சேனையில் இதையாவது நான் அந்த மாணவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

டிராக் 1954 இல் அமெரிக்கா செல்ல நாடினார், விசா மறுக்கப்பட்டது. ஆகவே இந்தியாவுக்கு வந்தார். 1955 ஜனவரியில் பரோடாவில் இந்திய விஞ்ஞான மாநாட்டையொட்டி, கிரிக்கெற் மைதானத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோர்க்கு அந்த மௌனி உரையாற்றினார். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் எதிர்ப்புரோத்தன் கண்டுபிடிக்கப்பட்டது. 1969 இல் கேம்பிரிட்ஜ் ஆசனத்திலிருந்து ஓய்வுபெற்று, பின் புளோரிடாவில் குடியேறினார். தலகாசி நகரிலே அவருடைய கல்லறை இருக்கிறது.

அவர் மறைந்து பதினோராண்டுகளின் பின், 1995 இல், இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக எதிர் ஐதரசன் அணுக்கள் ஒன்பது ஆக்கப்பட்டன. ஒளியின் வேகத்தை அண்டி ஓடி உடனே அழிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தில், நியூட்டனின் சமாதிக்கு அருகே, டிராக்கின் சமன்பாடு பொறித்த நினைவுக்கல் பதிக்கப்பட்டது. பழம் விழுவதை ஆராய்ந்தவரும், எதிர்ப்பொருளைக் கணித்தவரும் அங்கே அயலவராயினர்.

இனி ஜெனீவாச் சோதனை. எதிர்ப்புரோத்தனையும் பொசித்திரனையும் சேர்த்து ஆக்கிய எதிர் ஐதரசன் அணுக்களை, அவை எதையும் தொடாதபடி, காந்தப்புலத்தாலான கிண்ணத்தில் அடைத்துவைக்கும் வித்தையை அல்பா என்னும் குழுவினர் 2010 இல் கைவரப்பெற்றார்கள். பின்னர் அக்கிண்ணத்தை நெட்டுக்குத்தான குழாயாக அமைத்தார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு எதிரணுக்கள். கெல்வின் பாகையில் அரைக்கு மேற்படாத குளிரிலும் அவை வினாடிக்குப் பத்துக் கணக்கான மீற்றர் வேகத்தில் அலைந்துகொண்டிருக்கும். ஈர்ப்பு அவ்வியக்கத்தில் ஒரு சிறு சாய்வை மட்டுமே உண்டாக்கும். மேல்வாயிலையும் கீழ்வாயிலையும் மூடிநின்ற காந்தப்புலங்களை இருபது வினாடிகளில் ஒருங்கே மெல்லத் தளர்த்தினார்கள். வெளியேறிய எதிரணு சுவரைத் தொட்டு அழியும்போது எழும் துணிக்கைகளைக்கொண்டு அது மேலே போனதா, கீழே போனதா என்று எண்ணினார்கள்.

நூற்றுக்கு எண்பதளவில் கீழே போயின. சாதாரண ஐதரசனாயிருந்தாலும் ஏறத்தாழ அப்படியே போகும் என்று கணிப்புக் காட்டியது. பின்னர் கீழ்வாயிலின் காந்தப்புலத்தை ஈர்ப்புக்கு ஈடாகும் அளவு மிகுத்தபோது, மேலும் கீழும் பாதிபாதியாயின. பல அளவுகளில் இவ்வாறு மாற்றி மாற்றிப் பார்த்து, எதிர் ஐதரசன் விழும் ஆர்முடுகல் சாதாரண ஈர்ப்பார்முடுகலின் 0.75 மடங்கு என்று கண்டார்கள். அளவீட்டின் வழு 0.13, கணினிக் கணிப்பின் வழு 0.16. மேலே போகும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை.

அச்செய்தியைப் படித்த அன்று மாலை வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தின் ஓரமாய் நெடுநேரம் நடந்தேன். அந்த மாணவன் 1985 இல் நாட்டை விட்டுச் சென்றான். இப்போது எங்கிருக்கிறான் என்று அறியேன். என் எதிரே நின்றிருந்தால், விழுகிறது என்ற விடையோடு அவன் இருந்துவிட மாட்டான். மீதிக் கால்பங்கு எங்கே போயிற்று என்று கேட்பான். இரண்டு வழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று என்ற அளவும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்குகின்றது. ஆகவே கால்பங்கு குறைந்ததென்றும் சொல்வதற்கில்லை, குறையவில்லை என்றும் சொல்வதற்கில்லை. நூற்றுக்கு ஒன்று என்ற நுட்பத்துக்கு அளக்க, அணுக்களை இன்னும் குளிர்விக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள் என்று இம்முறை அவனுக்குச் சொல்வேன்.